விமானியின் மணிக்கூடு

நெடுங்காலம் விரும்பிய பொருள் கைக்கு வந்துவிட்டால் அதை அனுபவிப்பதே உலக வழக்கு. ஆனால் அப்பொருள் எந்தத் தேவையிற் பிறந்தது, எவருடைய கைகள் அதைச் செய்தன என்று கேட்கத் தொடங்கியவனுக்கு அனுபவம் அத்துணை எளிதாய் அமைவதில்லை. கேளாதிருக்கலாமே எனச் சிலர் கூறக்கூடும். இலக்கியத்திற் சமுதாயத்தைத் தேடும்படி மாணவருக்குக் கற்பிப்பவன், தன் மணிக்கட்டில் கட்டியுள்ள பொருளில் மட்டும் அதைத் தேடாது விடுவது நேர்மையாகாது.

பழைய கைக்கடிகாரங்களைச் சேர்ப்பது என் பழக்கம். ஆசிரியச் சம்பளத்தில் அது பெருஞ்சேகரிப்பாக இருத்தல் இயலாது. சாவி கொடுக்கும் மணிக்கூடுகள் ஆறோ ஏழோ. நான் மிக நீண்டகாலம் தேடியது எச்.எம்.ரி. 'பைலட்'. கறுத்த முகப்பு, வெண்ணிற எண்கள், பதினேழு கல். சந்தைக்கு வருவனவற்றுட் பல உதிரிகளைக் கூட்டிப் பொருத்தி, முகப்புக்குப் புதுவர்ணம் பூசியவை. கலப்பில்லாத ஒன்றைக் காணப் பொறுமை வேண்டும். சென்ற ஆண்டு சென்னையிலுள்ள உறவினர் வழியாக அது கிடைத்தது. அதைக் கண்ட சக ஆசிரியர் ஒருவர், "செட்டிகுளத்தில இருந்துகொண்டு விமானியின்ர மணிக்கூடோ சேர்?" என்று சிரித்தார். அச்சிரிப்பினுள் ஒரு கேள்வி இருந்தது.

வன்னியில் 'கிபிர்' என்பது வெறும் விமானப் பெயரன்று. இஸ்ரேலில் செய்யப்பட்ட அப்போர்விமானங்கள் 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்தன; அதன்பின் எழுத்தறியா மூதாட்டிக்கும் அச்சொல் தெரிந்தது. இரைச்சலைக் கொண்டே வேவு விமானம் எது, குண்டு போடுவது எது எனக் குழந்தைகள் பிரித்தறிந்தனர். அதற்கு முன்னரே, 1995 செப்டெம்பர் 22இல், வடமராட்சி கிழக்கு நாகர்கோவிலில் பாடசாலைமீது குண்டு விழுந்து மாணவர் மாண்டனர். 2009இல் போரிலிருந்து உயிர் தப்பியோருள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் எங்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரிலேயே அது மூடப்பட்டது. அவர்களுக்கு விமானியைத் தெரியாது. விமானியும் அவர்களை அறியான். மேலே இருந்தவனுக்கு நேரம் என்பது இலக்கை அடையும் விநாடிக் கணக்கு. பதுங்குகுழியிற் பிள்ளையை அணைத்துக் கிடந்த தாய்க்கு அது வேறு. இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை: 2007 மார்ச்சில் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கா படைத்தளத்தின்மீது குண்டு வீசியபோது, அதே பதுங்குகுழி மக்களுள் மகிழ்ந்தோரும் உண்டு.

இப்போது அந்த முகப்பை மறுபடி நோக்குவோம். அதன் எளிமையையே நான் விரும்பினேன். அந்த எளிமை எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் விமானப்படையில் வழி கணிப்போருக்கென ஐந்து நிறுவனங்கள் செய்த கைக்கடிகாரங்கள் 55 மில்லிமீற்றர் விட்டமுடையவை. இருளில் ஒரே பார்வையிற் படிக்கக் கறுப்பில் வெண்ணிற எண்கள்; கையுறை அணிந்த விரல் பற்றுவதற்குப் பருத்த திருகு; தடித்த மேலங்கியின்மேற் கட்டுவதற்கு நீண்ட தோற்பட்டி. அலங்காரத்துக்கென அதில் ஒன்றுமில்லை. அவ்வைந்தில் ஒன்றான சுவிற்சர்லாந்தின் ஐ.டபிள்யூ.சி., போருக்குப் பின் பிரித்தானிய விமானப்படைக்கும் செய்து கொடுத்தது. மூலதனத்துக்குப் பகைவர் இல்லை! இன்று செல்வந்தர் ஏலத்தில் எடுக்கும் அம்மணிக்கூடுகள், அணிந்தவனுக்கு ஒருநாளேனும் சொந்தமாயிருந்ததில்லை. அவை படையின் உடைமை.

அக்காலத்து எண்களை ஒளிரச் செய்தது ரேடியம். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் 1917 முதல் இளம்பெண்கள் தூரிகை நுனியை உதட்டாற் கூராக்கி அந்த எண்களைத் தீட்டினர். அவ்வாறு செய்யும்படியே பழக்கப்பட்டனர். தாடையெலும்பு சிதைந்து பலர் மாண்டனர். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் இணக்கமாக முடிந்தது. இன்று 'பழைய பாணி' என்று புதிதாய்ச் செய்வோர், மூப்படைந்த ரேடியப் பூச்சின் மஞ்சளைத் தேடிப் பூசுகின்றனர். நஞ்சின் நிறமும் நாகரிகமாகிவிட்டது.

என் 'பைலட்' இப்பரம்பரையின் தூரத்து உறவு. 1961இல் ஜப்பானியச் சிற்றிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் இந்திய அரசுத்துறை தொடங்கிய மணிக்கூட்டுத் தொழிலின் பிள்ளை அது. எழுத்தரும் ஆசிரியரும் வாங்கக்கூடியதாய் இருந்தது. அப்படியாயின் அது குற்றமற்றதா? 2016 ஜனவரியில் அத்தொழிலை மூட இந்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் சேகரிப்போர் விரைந்தனர், விலை ஏறியது. தொழிலாளி வேலை இழந்ததனாலேயே பண்டத்துக்கு 'அருமை' வந்தது. பண்டம் தன்னைச் செய்த உழைப்பை மறைத்துக்கொள்ளும் என்று மார்க்ஸ் 1867இல் எழுதினார். இங்கோ உழைப்பு இல்லாமற் போனதே விலையாகிறது. அந்த விலையை நானும் கொடுத்தேன்.

ஆகவே கழற்றி எறிந்துவிடலாமா? எறிவதால் எவருக்கும் நன்மை இல்லை. என் கை சுத்தம் என்று காட்டும் ஆசையும் ஓர் உடைமை ஆசைதான். அன்றியும், இவ்வகை மணிக்கூட்டின் தொடக்கம் போரன்று. பிரேசில் நாட்டவரான சாந்தோஸ் டூமோன், பறக்கும்போது சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க இயலாதெனக் கூற, 1904இல் பாரிஸில் லூயி கார்த்தியே அவருக்கென ஒரு கைக்கடிகாரம் செய்தார். பறக்க விரும்பியவனின் தேவை அது. அதே மனிதர் 1926இல், வானூர்தியைப் போர்க்கருவியாகப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு சர்வதேசச் சங்கத்தை வேண்டினார். 1932இல், தாய்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கையில், தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நோயும் காரணம் என்பர். அது மட்டுமே காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

எனவே நான் அதைப் பெட்டியில் வைப்பதில்லை. காலையிற் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டே பாடசாலைக்குப் போகிறேன். அங்கேதான் கேள்வி கூர்மையடைகிறது. இன்றைய மாணவர் 2009க்குப் பின் பிறந்தோர். கிபிரின் இரைச்சலைக் கேட்டறியாதவர். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் முகப்பிலுள்ள பெயரை வாசித்துவிட்டு, தானும் விமானியாக வேண்டும் என்றான். அவனுடைய ஆசையை வரலாற்றைக் கொண்டு அடக்க எனக்கு உரிமையில்லை. வரலாற்றை மறைக்கவும் உரிமையில்லை. சாந்தோஸ் டூமோனைப் பற்றி முதலிற் சொன்னேன்; நாகர்கோவிலைப் பற்றி மறுநாள் சொன்னேன். சங்கத்திடம் வைத்த வேண்டுகோள் என்னாயிற்று என்று கேட்டான். ஒன்றும் ஆகவில்லை என்றேன். வானூர்தியின் வரலாறு பற்றித் தமிழில் ஒரு நூல் கேட்டிருக்கிறான். எங்கள் நூலகத்தில் அப்படியொன்று இல்லை. வவுனியாவில் விசாரிக்க வேண்டும்.