உறங்கிய விதிகளை எழுப்புதல்

அநீதியான சட்டங்களைப் பற்றி நம்மிடையே நிறையப் பேசப்பட்டிருக்கிறது. நல்ல நோக்குடன் இயற்றப்பட்டு, எவராலும் நடைமுறைப்படுத்தப்படாமல் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, பின்னர் திடீரென ஒருநாள் எழுப்பப்படும் விதிகளைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படவில்லை. அத்தகைய விதியை எழுப்புவோர் நியாயமாக நடந்துகொள்வது எங்ஙனம் என்பது அரசாங்கங்களுக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. ஒரே கூரையின் கீழ் வாழும் ஐம்பது குடும்பங்களுக்கும் அது உரியதே. கொழும்பு நகரின் தொடர்மாடிக் குடியிருப்புகளை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

தொடர்மாடி வீட்டுடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் நம் நாட்டில் இத்தகைய கூட்டு வாழ்வுக்கு அடிப்படையாக உள்ளன. வீட்டை வாங்கியவருக்குத் தம் வீட்டில் தனியுரிமை உண்டு. படிக்கட்டு முதலிய பொதுப்பகுதிகளில் ஏனையோருடன் பங்குரிமை உண்டு. வீட்டுடைமையாளர் அனைவரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் அப்பொதுப்பகுதிகளைப் பராமரிக்கின்றது, அதற்கென மாதக் கட்டணம் அறவிடுகின்றது, விதிகளையும் வகுக்கின்றது. பல்கனியை அடைத்து அறையாக்குதல், படிக்கட்டில் பொருள்களை அடுக்குதல், வீட்டை வியாபார இடமாக்குதல் முதலியவற்றை இவ்விதிகள் பொதுவாகத் தடைசெய்கின்றன.

ஆயினும் வாழ்க்கை விதிப்புத்தகத்துள் அடங்கிவிடுவதில்லை. மகனுக்குத் திருமணமாகின்றது, தனி வீடு எடுக்கும் வசதி இல்லை, பல்கனி அறையாகிவிடுகின்றது. கணவனை இழந்த பெண்ணொருத்தி இடியப்பம் அவித்து விற்கத் தொடங்குகிறாள். வீட்டு வாசல் கடையாகிவிடுகின்றது. தினமும் முகம் பார்க்கும் அயலவனைப் பகைத்துக்கொள்ள எவரும் விரும்புவதில்லை. இவ்வாறு பதினைந்து, இருபது ஆண்டுகள் கழிகின்றன. பின்னர் புதிய நிர்வாகக் குழுவொன்று தெரிவாகின்றது. பழைய புத்தகத்தின் தூசியைத் தட்டி, பதினான்கு நாட்களுக்குள் யாவும் அகற்றப்படல் வேண்டுமென்று கடிதம் அனுப்புகின்றது.

உடனே இரு குரல்கள் எழுகின்றன. ‘விதி விதியே, மீறல் பழையதாகிவிட்டதால் உரிமையாகிவிடாது’ என்பது ஒன்று. ‘இத்தனை ஆண்டுகள் கேளாதவர்கள் இன்று கேட்பது என்ன நியாயம்?’ என்பது மற்றது.

முதற்குரல் சமத்துவத்தின் பெயரால் பேசுகின்றது. எல்லோருக்கும் ஒரே கடிதம், ஒரே தவணை என்பது அதன் பெருமை. ஆனால் அக்கடிதம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பளுவுடன் விழுகின்றதா? மேல்மாடியில் வசிக்கும் வசதியுள்ளவர் சட்டத்தரணியைக் கொண்டு பதில் எழுதுவார். ஆறு மாதங்களுக்கு விடயம் தள்ளிப்போகும். இடியப்பம் விற்கும் பெண்ணோ மறுநாளே அடுப்பை அணைப்பாள். உறங்கிய விதி விழித்ததும் எளியவரின் கதவையே முதலில் தட்டுகின்றது. ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் இதனைப் பாடசாலை வாயிலிலும் காண்கிறோம். தாமதமாக வருவோரை ஆண்டு முழுவதும் எவரும் கேட்பதில்லை. திடீரென ஒரு திங்கட்கிழமை வாயிற்கதவு மூடப்படுகின்றது. அன்று வெளியே நிற்பவன் காரில் வரும் பிள்ளை அல்லன். இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளையே. விதி ஒன்றாயிருந்தும் தண்டனை ஒன்றாயிருக்கவில்லை.

அப்படியாயின் இரண்டாம் குரலே சரியானதா? அதனையும் முழுமையாக ஏற்பதற்கில்லை. நீண்டகாலப் புறக்கணிப்பு விதியையே வலுவிழக்கச் செய்யும் என்பது சட்ட உலகம் அறிந்த கருத்துத்தான். நம் நாட்டின் பொதுச் சட்டமாக விளங்கும் உரோமன் டச்சுச் சட்ட மரபிலும் அதற்கு இடமுண்டு. பிறன்மனை நயத்தலைக் குற்றமாகக் கொண்ட பழைய சட்டம் வழக்கொழிந்தமையால் செயலற்றுப் போயிற்றென்று 1914 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அமெரிக்காவில் வீட்டுடைமையாளர் சங்கங்கள் தொடுக்கும் வழக்குகளிலும், பலரைக் காணாது விட்ட சங்கம் ஒருவரை மட்டும் பிடிக்கலாமா என்ற எதிர்வாதம் எழுப்பப்படுவதுண்டு. ஆனால் இக்குரல் ஒரு மனிதரை மறந்துவிடுகின்றது. அவர், விதி உறங்கிய காலத்திலும் அதனைக் கடைப்பிடித்தவர். மழைச்சாரல் அடித்தபோதும் பல்கனியைத் திறந்தே வைத்தவர். பிறர் கட்டணம் செலுத்தாத மாதங்களிலும் தம் பங்கைத் தவறாது செலுத்தியவர். மீறியவர்க்கெல்லாம் உரிமை வழங்கிவிட்டால், அவரது நேர்மைக்குக் கிடைக்கும் பெயர் ஏமாளித்தனம் என்பதாகவே இருக்கும். எந்தச் சமுதாயமும் அப்பெயரைத் தன் நல்லவர்க்குச் சூட்டலாகாது.

ஆகவே முதலில் விதிகளை வகைப்படுத்திக்கொள்ளல் வேண்டும். சில விதிகள் உயிரைக் காப்பவை. இலண்டன் மாநகரின் கிரென்பெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 ஆம் திகதி மூண்ட தீயில் 72 பேர் மாண்டனர். கட்டிடத்தின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்ட தீப்பற்றும் உறையே பேரழிவுக்குப் பிரதான காரணமாயிற்று. எனினும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய வீட்டுக் கதவுகள் பல மூடாமையால் புகை பொதுவழிகளுக்குப் பரவியதையும் விசாரணை எடுத்துக்காட்டியது. படிக்கட்டை அடைத்துநிற்கும் அலுமாரிக்கும் காஸ் சிலிண்டருக்கும் இருபதாண்டுப் பழக்கம் நியாயமாகாது. அவற்றை அகற்ற ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

சில விதிகளோ உறங்குவதே நன்று; இல்லை, ஒழிக்கப்பட வேண்டியவை. கறுப்பின மக்களுக்கு வீட்டை விற்கலாகாதென்ற நிபந்தனைகள் அமெரிக்காவில் பல குடியிருப்புப் பகுதிகளின் உறுதிகளில் எழுதப்பட்டிருந்தன. நீதிமன்றங்கள் அவற்றை நிறைவேற்றிக் கொடுக்கலாகாதென்று 1948 ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968 ஆம் ஆண்டின் வீட்டு வசதிச் சட்டம் இத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்தது. அதன் பின்னரும் அச்சொற்கள் பழைய உறுதிகளில் நீடித்தன. பழைய விதி என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை எழுப்புவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட விதிகளே பெரும்பாலானவை. மாதக் கட்டணமும் பல்கனியும் வீட்டுத் தொழிலும் இவ்வகையின. இங்கேதான் நியாயம் பற்றிய கேள்வி கூர்மையடைகின்றது. அமெரிக்கச் சட்ட அறிஞர் லோன் புல்லர் 1964 இல் வெளியிட்ட ‘சட்டத்தின் அறம்’ என்னும் நூலில், சட்டம் சட்டமாக நிலைபெற எட்டு நிபந்தனைகளைக் கூறினார். அவற்றுள் ஒன்று, எழுதிய விதிக்கும் அதனை நடத்துவோர் செயலுக்கும் பொருத்தம் இருத்தல். இந்நோக்கிற் பார்த்தால் இருபதாண்டு உறங்கிய விதியை முதலில் மீறியவர்கள் நிர்வாகத்தினரே. உறங்கியதன் கடன் அவர்கள் தலையிலேயே இருக்கின்றது. தண்டனையைத் தொடங்குமுன் அக்கடனைத் தீர்த்தல் வேண்டும்.

எவ்வாறு தீர்ப்பது? விதியைப் பொதுக் கூட்டத்தில் மீண்டும் வாசித்து, அது இன்றும் வேண்டுமாவென உறுப்பினரைக் கேட்டல் வேண்டும். வேண்டுமெனின் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவித்து, போதிய தவணை கொடுத்தல் வேண்டும். கடந்தகால மீறலுக்குத் தண்டம் அறவிடலாகாது. கட்டண நிலுவையைத் தவணை முறையிற் செலுத்த இடமளித்தல் வேண்டும். அது தவறாது செலுத்தியவர்க்குச் செய்யும் நீதியுமாகும். பிழைப்பை இழக்க நேருபவருக்கு மாற்றுவழி தேடிக் கொடுத்தல் வேண்டும். இடியப்பத் தட்டு யாருடைய மூச்சையும் வழியையும் அடைக்கவில்லையாயின், திருத்தப்பட வேண்டியது விதியே அன்றி அப்பெண் அல்லள்.

யாவற்றுக்கும் மேலாக, முதற் கடிதம் நிர்வாகக் குழுவினரின் வீடுகளுக்கே செல்லல் வேண்டும். கன்றைத் தேர்க்காலில் இட்ட மகனுக்கு மரண தண்டனை விதித்த மன்னன் கதையைப் பெரியபுராணம் மனுநீதிச் சோழன்மேல் ஏற்றிச் சொல்கின்றது; மகாவம்சம் அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கின்றது. தண்டனையின் கொடுமையை நாம் இன்று ஏற்கமாட்டோம். ஆயினும் விதி ஆள்பவனின் வீட்டு வாசலில் தொடங்க வேண்டுமென்ற உண்மையை இந்நாட்டின் இரு மக்களினதும் இலக்கியங்கள் போற்றி வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

குழுத் தலைவர் தம் பல்கனிச் சுவரைத் தாமே இடிப்பாராயின், அந்தச் சத்தம் எந்தக் கடிதத்தையும்விடத் தெளிவாக அயலவர் காதில் விழும். அதைச் செய்ய மனமில்லாதவர் உறங்கும் விதியை எழுப்பாதிருப்பதே மேல்.