வருவதும் இருப்பதும்

மனிதனின் கையில் இருக்கும் பொருளுக்கும் அவன் மனத்தில் இருக்கும் பொருளுக்கும் இடையே என்றும் ஒரு போராட்டம் நிகழ்ந்து வருகிறது. கையில் உள்ளது பயன் தருகிறது. மனத்தில் உள்ளது மயக்கம் தருகிறது. இரண்டும் மோதும்போது பெரும்பாலும் வெல்வது மயக்கமே. இதற்கு இக்காலத்தில் திறன்பேசியை விடத் தெளிவான சான்று தேவையில்லை.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறை வடக்கு மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் தாசேக் கெலுகோர். பட்டர்வொர்த்துக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே 2015ஆம் ஆண்டு முதல் ஓடும் மின்சார இரயில் அவ்வூரிலும் நின்று செல்கிறது. உலகின் பெருநகரங்களில் மாணவர்கள் எதைப் பற்றி வழக்காடுகின்றார்களோ, அதைப் பற்றியே இத்தகைய சிற்றூர்களின் மாணவர்களும் வழக்காடுகின்றனர். ஆப்பிள் சிறந்ததா, சாம்சங் சிறந்ததா? அடுத்து வரும் மாதிரியில் ஒளிப்படக் கருவி எத்தகையது? திரை மடியுமா, விரியுமா? தம் கையில் இல்லாத பொருளுக்காகவும், இன்னும் கடைக்கே வராத பொருளுக்காகவும் நண்பர்கள் மனம் கசந்து பிரிவதும் உண்டு.

இவ்வழக்கின் மூலவர்கள் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை உலகுக்கு அறிமுகம் செய்தார். 2010இல் சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி எஸ் வெளிவந்தது. தன் வடிவமைப்பைப் பின்பற்றிவிட்டார்கள் என்று ஆப்பிள் 2011இல் வழக்குத் தொடுத்தது. 2012இல் அமெரிக்க நடுவர் குழு நூறு கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தது. மேல்முறையீடுகளுக்குப் பின் 2018இல் இருவரும் உடன்பாடு கண்டனர். ஆனால், அவ்வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 2017இல் வெளிவந்த ஐபோன் பத்தின் ஒளித்திரையைச் செய்து கொடுத்தது சாம்சங் குழுமமே! நீதிமன்றத்தில் எதிரிகளாக நின்றவர்கள் சந்தையில் கூட்டாளிகளாக இருந்தனர். அவர்கள் பொருட்டுப் பகை கொண்டவர்களோ, இருவர்க்கும் யாரென்றே தெரியாத நுகர்வோர்.

இனி, வராத பொருளைப் பற்றிய ஊகத்திற்கு வருவோம். 2010இல் கலிபோர்னியாவின் மதுக்கூடம் ஒன்றில் தவறவிடப்பட்ட வெளிவராத ஐபோன் மாதிரியின் படங்கள் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இன்றும் புதிய மாதிரி வெளிவருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அதன் நிறமும் கனமும் விலையும் ஊகிக்கப்படுகின்றன. இந்த ஆர்வம் எதனால் எழுகிறது? இருக்கும் பொருளுக்குக் குறையுண்டு. அதன் மின்கலம் தளர்கிறது, திரையில் கீறல் விழுகிறது. வராத பொருளுக்கோ குறையே இல்லை. அது இன்னும் பிறக்கவே இல்லை. குறையற்ற கற்பனையோடு ஒப்பிட்டால், உழைத்துத் தேய்ந்த உண்மை எப்போதும் தோற்கத்தான் செய்யும். ஊகம் செய்யும் தீங்கு இதுவே. அது வருங்காலத்தை அறிவிப்பதில்லை, நிகழ்காலத்தை இழிவுபடுத்துகிறது.

கற்பனை மெய்யாகி வந்தபோது நிகழ்ந்த ஒன்றையும் நினைவிற் கொள்ளலாம். 2016 ஆகஸ்டில், போட்டியாளரின் புதிய மாதிரிக்கு முன்னதாகவே சாம்சங் தன் நோட் ஏழினை விற்பனைக்கு விட்டது. சில நாள்களிலேயே அதன் மின்கலங்கள் தீப்பற்றிய செய்திகள் வந்தன. செப்டம்பரில் கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. அக்டோபரில் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. எதிர்பார்க்கப்பட்ட காலமெல்லாம் குறையற்றதாக இருந்த பொருள், கைக்கு வந்ததும் விமானத்தில் ஏற்றக் கூடாத பொருளாயிற்று.

இவ்விடத்தில் வலிமையான மறுப்பு ஒன்று எழும். ‘ஆசையைக் குறைத்துக்கொள் என்று அறிவுரை கூறுவது எளிது. ஆனால் பினாங்கு மக்கள் பலரின் அடுப்பெரிவது அந்த ஆசையினால் அன்றோ?’ என்பதே அது. இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரத்தில் இன்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை நிறுவியது. அன்று முதல் தோட்டப்புறத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் பெண்கள் தொழிற்சாலைப் பேருந்து ஏறிச் சென்று, நுண்சில்லுகளைச் சோதித்தும் பொதிந்தும் குடும்பத்தைக் காத்து வந்துள்ளனர். மின்னணுப் பொருள்களின்மீது உலகம் கொண்ட வேட்கைதான் பால்மரம் வெட்டியவரின் மகளுக்கு மாதச் சம்பளம் தந்தது. அவ்வாறிருக்க, வேட்கையைப் பழிப்பது உண்ட வீட்டைப் பழிப்பது ஆகாதா?

ஆனால் சோறிடும் அதே போட்டி இலையைப் பறிப்பதும் உண்டு. தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா ஆலை தொடங்கப்பட்டபோது, சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அதில் வேலைக்குச் சேர்ந்தனர். உலகக் கைப்பேசி விற்பனையில் பதினான்கு ஆண்டுகள் முதலிடம் வகித்த நோக்கியா, திறன்பேசிப் போட்டியில் பின்தங்கி 2012இல் அவ்விடத்தைச் சாம்சங்கிடம் இழந்தது. 2013இல் தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்க இசைந்தது. வரி வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேரவில்லை; 2014 நவம்பரில் அதன் கதவு அடைக்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய பெண்களின் கைத்திறனில் எக்குறையும் இல்லை. மக்களின் மோகம் இடம் மாறியது. அவர்களின் வாழ்வு இடறியது. மோகத்தின்மேல் கட்டிய பிழைப்பு நிலையான பிழைப்பு அன்று.

அவ்வாறாயின் ஆசையை அறவே விட வேண்டுமோ? வள்ளுவரின் அதிகார வைப்பு இதற்கு வழிகாட்டுகிறது. அவாவறுத்தலை அவர் துறவறவியலில் வைத்தார். இல்லறத்தாருக்கு அவர் வைத்தவை அழுக்காறாமையும் அதனை அடுத்து வரும் வெஃகாமையும் ஆகும். குடும்பத்தில் வாழ்பவன் பொருளை விரும்புவது குற்றமன்று. பிறன் கையில் இருப்பதைக் கண்டு மனம் புழுங்குவதும், அப்புழுக்கத்தால் தனக்குரியது அல்லாததை நாடுவதுமே குற்றத்தின் தொடக்கம். தேவையால் எழும் விருப்பம் பொருள் கிடைத்ததும் அடங்கும். ஒப்பீட்டால் எழும் விருப்பமோ, அடுத்த மாதிரி வந்ததும் மீண்டும் தலைதூக்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வினா போதும்: கையில் உள்ள கருவி எந்தப் பணியைச் செய்ய மறுத்தது? விடை இருப்பின் புதியதை வாங்குவது அறிவுடைமை. விடை இல்லையேல், வாங்கத் தூண்டுவது தேவை அன்று.

போட்டியும் தன்னளவில் தீயதன்று. எதற்காகப் போட்டி என்பதே கேள்வி. 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் எட்டுக்கு ஏழாண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு அளிப்பதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங்கும் தன் எஸ் இருபத்து நான்கு வரிசைக்கு அவ்வாறே உறுதி கூறியது. ஐரோப்பிய ஒன்றியமோ, உதிரிப் பாகங்கள் பல ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும் என்னும் விதியை 2025 ஜூன் முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. புதுமைக்காக ஓடியவர்கள் நீடித்த உழைப்புக்காகவும் ஓடத் தொடங்கினர். 2022ஆம் ஓர் ஆண்டில் மட்டும் உலகில் குவிந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஓட்டத்தின் திசை மாற வேண்டிய கட்டாயத்தை இக்கணக்கே உணர்த்தும். கருவி நெடுநாள் உழைத்தால் விற்பனை சற்றுக் குறையலாம். எனினும், துணி விரைவில் கிழிந்தால்தான் தனக்குப் பிழைப்பு என்று எண்ணி நெய்பவன் நல்ல நெசவாளன் ஆகான்.

ஆகவே தமிழாசிரியர் மாணவரின் வழக்கை அடக்க வேண்டியதில்லை; அதன் பொருளை மாற்றினால் போதும். ‘அடுத்து எது வரும்?’ என்பதற்கு மாறாக, ‘இருப்பது எத்தனை ஆண்டு உழைக்கும்?’ என்று அவர்கள் வழக்காடட்டும். மாலையில் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி வரும் தாய், பழைய கருவியே இன்னும் சில ஆண்டுகளுக்குப் போதும் என்று மகன் சொல்லக் கேட்டால், அன்றைய களைப்பிலும் சற்று நிமிர்ந்து நடப்பாள். அவள் சம்பளத்தில் மிஞ்சும் தொகை அவன் படிப்புக்கு ஆகும்.