வடத்தில் கலந்த வஞ்சகம்

நல்லவர்கள் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய காரியம் ஒன்றினுள்ளே, அவர்கள் அறியாமல், பிறகு பிரித்தெடுக்கவும் முடியாதபடி, அதர்மம் கலந்துவிடுமானால் அந்தக் காரியத்தின் கதி என்ன? எந்தக் கர்மமும் தோஷம் அற்றதன்று என்று கீதை ஒப்புக்கொள்கிறது. கிரியைகளில் நேரும் குறைகளுக்கு முன்கூட்டியே பிராயச்சித்தம் விதித்து வைத்த பெரியோர்களும் இக்கேள்வியைச் சந்தித்தவர்களே. ஆயினும் இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான விடை சாஸ்திர கிரந்தங்களில் அன்றி, அமெரிக்காவிலுள்ள புரூக்ளின் பாலத்தில், எஃகிலும் கருங்கல்லிலும் கிடைக்கிறது.

1898-ஆம் ஆண்டு நியூயார்க்கோடு இணையும் வரையில் புரூக்ளின் தனி நகரமாகவே விளங்கியது. அதற்கும் மன்ஹாட்டன் தீவுக்கும் நடுவே கிடக்கும் ஈஸ்ட் ரிவர் பெயரளவில் ஆறே தவிர, உண்மையில் கடலின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்ட ஜலசந்தி. குளிர்காலத்துப் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால் படகுப் போக்குவரத்து தடைப்பட்டுவிடும். இந்த ஜலசந்தியின்மேல் தொங்குபாலம் அமைக்கத் திட்டமிட்ட ஜான் ரோப்ளிங், ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். தத்துவ விசாரத்திலும் தோய்ந்து பக்கம் பக்கமாக எழுதி வைத்தவர். 1869-இல் இடம் அளந்துகொண்டிருந்தபோது படகுத்துறையில் கால் நசுங்கி, தனுர்வாதம் கண்டு, வேலை தொடங்குமுன்பே காலமானார். அவருடைய குமாரர் வாஷிங்டன் ரோப்ளிங் பொறுப்பை ஏற்றார்.

இரு கோபுரங்களுக்கும் இடையே சுமார் 1,595 அடி தூரம் தொங்கும் தளத்தைத் தாங்குபவை நான்கு வடங்கள். ஒவ்வொரு வடமும் 5,000-க்கு மேற்பட்ட எஃகுக் கம்பிகளை முறுக்காமல் இணையாக இழுத்துச் சேர்த்துக் கட்டியது. கம்பி வழங்கும் ஒப்பந்தத்தைப் பெற்ற லாயிட் ஹெய்க் என்பவர் கையாண்ட தந்திரத்தைக் கேட்டால் நெஞ்சு பதறும். ஆலையில் சோதகர்கள் தேர்ந்து சான்றளித்த சுருள்களை ஏற்றிய வண்டி, பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு கட்டடத்தினுள் நுழையும். அங்கே நல்ல சுருள்களை இறக்கிவிட்டு, முன்பே தள்ளுபடியான சுருள்களை ஏற்றி, அதே சான்றோடு அனுப்பிவிடுவார்கள். நல்ல சுருள்களோ ஆலைக்குத் திரும்பி, புதியனபோல மறுபடியும் சோதனைக்கு வந்து நிற்கும். 1878-இல் இந்த மோசடி வெளிப்பட்டபோது 200 டன்னுக்கு மேற்பட்ட கெட்ட கம்பி வடங்களுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. நல்லதோடு இறுகிவிட்ட அதைத் தேடிப் பிரித்தெடுக்க வழியே இல்லை.

வாஷிங்டன் ரோப்ளிங் கணக்கிட்டுப் பார்த்தார். வடங்களுக்குத் தேவையைப்போல் ஆறு மடங்கு பலம் வகுத்திருந்தமையால், வஞ்சகத்தைக் கழித்த பின்னும் ஏறக்குறைய ஐந்து மடங்கு எஞ்சியது. வடம் ஒன்றுக்குச் சுமார் 150 கம்பிகளை ஹெய்க்கின் செலவிலேயே கூடுதலாகச் சேர்க்கச் செய்து, ரோப்ளிங் வேலையை மேலே நடத்தினார். அந்தக் கெட்ட கம்பி பாலத்தின் உள்ளேயே தங்கிவிட்டது.

இந்த ஆறு மடங்கைப் பொறியியலார் கணிதம் என்பார்கள். எனக்கோ இது அடக்கம் என்ற பெரும் குணத்தின் உருவமாகத் தோன்றுகிறது. பெருங்காற்று பாலத்தை எவ்விதம் அலைக்கும், வருங்காலத்தில் எத்தனை பாரம் அதன்மேல் ஏறும், உலோகத்தினுள்ளே என்ன குறை மறைந்திருக்கும் என்பனவெல்லாம் அக்காலத்தில் யாருக்கும் முழுதும் தெரியாது. ஹெய்க் என்ற மனிதரை எதிர்பார்த்து அந்தப் பலம் வகுக்கப்படவில்லை. தமக்குத் தெரியாதவை உண்டு என்ற தெளிவுக்கு வகுத்த இடத்தில் ஹெய்க்கின் துரோகமும் அடங்கிப்போயிற்று. எல்லாக் கம்பியும் நற்கம்பியாகவே இருக்கும் என்று நம்பி, தேவைக்குச் சரியாக அளந்து கட்டியிருந்தால் அந்தத் துரோகம் பாலத்தையே வீழ்த்தியிருக்கக்கூடும். அறநிலையங்களை நிறுவுவோரும் சபைகளை நடத்துவோரும் உறுப்பினர் அனைவரும் உத்தமர்கள் என்ற கணக்கின்மீதே கட்டி, முதல் பொய்யிலேயே மனமுடைந்து போவதைக் காணும்போதெல்லாம் இந்த வடங்களையே நினைத்துக்கொள்கிறேன். இதனால் வஞ்சகம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்று கொள்ளலாகாது. தாங்குதல் வேறு, மன்னித்தல் வேறு.

இனி, கம்பிக்கு வகுத்த அந்த மிகை மனித உடலுக்கு வகுக்கப்பட்டதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும். கோபுர அஸ்திவாரத்துக்காக அடிப்புறம் திறந்த மாபெரும் மரப்பேழைகளை ஆற்றடியில் இறக்கி, அழுத்தம் மிகுந்த காற்றால் நீரை வெளியே தள்ளி, அதனுள் நின்று ஆட்கள் மண் தோண்டினார்கள். அந்த அழுத்தத்திலிருந்து விரைந்து மேலே வந்தவர்களை மூட்டுவலியும் பக்கவாதமும் மரணமும் பற்றியதன் காரணம் அன்று விளங்கவில்லை. 1872-இல் வாஷிங்டன் ரோப்ளிங்கே அந்நோயால் வீழ்ந்தார். அவர் மனைவி எமிலி பொறியியல் கற்றுக் கணவரின் கட்டளைகளை வேலையிடத்துக்குக் கொண்டுசென்று, பாலம் 1883 மே 24 அன்று திறக்கப்படும் வரையில் உடன் நின்றார்.

மன்ஹாட்டன் பக்கத்துப் பேழை 78 அடிக்கும் கீழே சென்றும் பாறை எட்டவில்லை. அது இன்னும் ஆழத்தில், மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. பாறையைத் தொட்டால் அஸ்திவாரம் பூரணமாகும். ஆனால் அதற்கு மேலும் பல உயிர்கள் போகும். இறுகிக் கிடந்த மணலே போதும் என்று துணிந்து ரோப்ளிங் தோண்டுவதை நிறுத்தினார். வடங்களைப் பற்றிய கணக்கைக் காட்டிலும் இந்த முடிவே உயர்ந்தது என்பது என் எண்ணம். பூரணத்தின்மேல் கொண்ட ஆசையை ஜீவகாருண்யத்துக்காக விட்டுக்கொடுப்பது எந்தத் தொழிலாளிக்கும் எளிதன்று. ஆனால் அந்த ஆணை பிறப்பதற்குள் அந்தப் பேழையில் உழைத்தவர்களில் குறைந்தது மூவர் இறந்துவிட்டிருந்தனர். சில வாரங்கள் முந்தியே அது பிறந்திருக்கலாகாதா என்ற ஏக்கம் எனக்கு இன்னமும் தீரவில்லை.