சமூகவியல் கற்க வருபவனின் நோக்கம் – ஓர் அறவியல் நோக்கு

பல்கலைக்கழகக் கலைப்பீடத்துள் நுழையும் மாணவனை நோக்கி வீட்டாரும் அயலாரும் தவறாது எழுப்பும் வினா ஒன்றுண்டு: "இதைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?" மருத்துவமோ பொறியியலோ கற்பவனிடம் இவ்வினா எழுவதில்லை, அவற்றின் பயன் வெளிப்படையானது. சமூகவியலைத் தெரிந்தெடுத்தவனோ விடை கூறத் தடுமாறுகின்றான். வினாவின் மேற்பரப்பில் வேலைவாய்ப்புப் பற்றிய கவலையே தெரிகின்றது எனினும், அதன் அடியில் அறவியல் சார்ந்த வேறொரு வினா உள்ளது. தன்னையும் தன் குடும்பத்தையும் உள்ளடக்கிய ஒரு சமூகத்தை ஒருவன் எந்நோக்குடன் ஆராயலாம்? அந்நோக்குத் தூயதாக இருத்தல் அவசியமா?

மாணவரிடையே காணப்படும் நோக்கங்களைப் பொதுவாக மூன்றாக வகுக்கலாம். முதலாவது பிழைப்பு. பட்டம், அதன்வழி ஆசிரியத் தொழில் அல்லது அரச உத்தியோகம். இதனை இழிவெனக் கருதுதல் பொருந்தாது. 1945ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாகவே கிராமத்து ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் பெருந்தொகையாகப் பல்கலைக்கழகப் படியேறினர். அத்தகைய பிள்ளை ஒன்றின் பட்டத்தை ஒரு குடும்பம் முழுவதும் எதிர்பார்த்திருக்கின்றது. இரண்டாவது, சமூகத்துக்குத் தொண்டாற்றும் ஆர்வம். நேர்முகப் பரீட்சைகளிற் பெரிதும் கேட்கப்படும் விடை இதுவே. மூன்றாவது, பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படாதது. வாழ்விற் பட்ட காயம். "எமக்கு ஏன் இவ்வாறு நேர்ந்தது?" என்னும் வினாவே பலரை இத்துறைக்கு இழுத்து வருகின்றது.

இம்மூன்றாவது நோக்கம் குறித்துக் கல்வியுலகில் ஓர் ஐயம் நிலவுகின்றது. காயப்பட்டவன் நடுநிலை நின்று ஆராய்வானா என்பதே அது. ஆயின், தனிமனிதனின் இடரைச் சமூகத்தின் பிரச்சினையோடு இணைத்துக் காண்பதையே சமூகவியலின் சிறப்பாற்றல் என 1959இல் வெளிவந்த தமது நூலில் சி. ரைட் மில்ஸ் விளக்கினார். அவ்வாறாயின், இடர் எதனையும் அறியாதவனே இதனைக் கற்கத் தகுதியானவன் எனக் கூறுதல் முரணாகும்.

இவ்விடத்தில் ஜேர்மனிய அறிஞர் மக்ஸ் வெபரின் கருத்து பயன்தரும். எதனை ஆராய்வது என்பதை ஆய்வாளனின் விழுமியங்கள் தீர்மானிக்கலாம். ஆராய்ந்து கண்டது எது என்பதை அவை தீர்மானித்தல் ஆகாது என்பது அவர் வகுத்த வேறுபாடு. 1917இல் மியூனிக் நகரில் மாணவர் முன் ஆற்றிய உரையில் அவர் மேலும் ஒருபடி சென்றார். மாணவர் தத்தம் கொள்கைக்கு ஒவ்வாத உண்மைகளையும் ஏற்றுக்கொள்ளப் பழக்குவதே ஆசிரியரின் முதற் கடமை என்றார். எனவே, அறம் சோதிக்கப்படுவது மாணவன் உள்ளே நுழையும் வாசலிலன்று. அவனுடைய நோக்கத்துக்கு ஒவ்வாத முதலாவது உண்மை எதிர்ப்படும் இடத்திலேயாகும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின அறிஞர் டுபோய்ஸ் விளங்குகின்றார். பிலடெல்பியா நகரின் கறுப்பின மக்களை வீடு வீடாகச் சென்று விசாரித்து, 1899இல் அவர் தமது ஆய்வை நூலாக வெளியிட்டார். தம் இனம் பட்ட துன்பமே அவரை இத்துறைக்கு உந்தியது. ஆயினும் அம்மக்களிடையே காணப்பட்ட குற்றச்செயல்களை அவர் மறைக்கவில்லை. அவற்றைத் தனியோர் அத்தியாயமாகவே எழுதினார். அதேவேளை, அடிமை முறையும் வேலை மறுப்பும் பாரபட்சமும் அந்நிலைக்கு எவ்வாறு வழிகோலின என்பதையும் காட்டினார். அதே ஆண்டில் ஜோர்ஜியாவிற் கறுப்பின மனிதர் ஒருவர் கும்பலாற் கொடூரமாகக் கொல்லப்பட்ட செய்தி அவரை உலுக்கியது. வெறும் ஆய்வு போதாது என்ற எண்ணம் அவருள் வலுத்தது. 1910இல் பல்கலைக்கழகத்தை விட்டு உரிமை இயக்கத்தில் முழுமையாக ஈடுபட்டார். காயம் அவரைச் செயலுக்குத் தூண்டியது. உண்மையைத் திரிக்கத் தூண்டவில்லை.

நம் சூழலுக்கு வருவோர்க்கு இச்சோதனை இன்னும் அண்மையில் நிகழ்கின்றது. யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் இரு மாணவர் சாதியமைப்புப் பற்றிய விரிவுரையில் அருகருகே அமர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். ஒருவனின் பாட்டியார் முற்றத்தில் நின்றவருக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்த்தவர். மற்றவனின் பாட்டனார் அச்சிரட்டையில் வாங்கிக் குடித்தவர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் இயற்றப்பட்ட பின்னரும் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவதற்குப் போராடவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நிகழ்ந்தது அப்போராட்டங்களுள் ஒன்று. இவ்வரலாற்றை முதலாமவன் எங்கோ யாரோ செய்த தவறாகக் கற்றுப் பரீட்சையில் எழுதிவிடலாம். தன்னை அன்போடு வளர்த்த பாட்டியாரின் கையிலேயே அச்சிரட்டையும் இருந்தது என்பதை ஏற்பதுதான் அவனுக்குக் கடினம். இரண்டாமவனுக்கும் ஒவ்வாத உண்மை உண்டு. ஒடுக்கப்பட்டோருக்குள்ளேயும் ஏற்றத்தாழ்வு இருந்தமையும், பெண்கள் இரட்டைச் சுமை தாங்கியமையும் அவன் காணவேண்டியவையாகும். இருவரின் கடனும் சமமானதன்று. அநீதி இழைத்த பக்கத்தின் கடனே பெரிது. எனினும் இருவரிடமும் கோரப்படும் நேர்மை ஒன்றே.

பிழைப்புக்காக வந்தவனும் தொண்டுக்காக வந்தவனும் இதற்கு விலக்கல்லர். வேலை தேடி வந்தவன் தன் பட்டத்துக்காகக் கேள்விக்கொத்துடன் ஒரு குடிசை வாசலில் நிற்கும்போது, தம் வறுமையை அவனிடம் திறந்து கூறியவர்களுக்கு அவன் கடன்படுகின்றான். அவர்கள் கூறியதைச் சிதைக்காது எழுதுவதே அக்கடனைத் தீர்க்கும் முதற்படி. தொண்டாற்ற வந்தவனோ, தன் உதவியை மக்கள் வேண்டாமெனக் கூறும் இடமும் உண்டு என்பதை அறியவேண்டியவனாகின்றான்.

ஆகவே, தூய நோக்கம் உடையோர் மட்டுமே சமூகவியலைக் கற்கவேண்டும் என்று விதித்தால் விரிவுரை மண்டபங்கள் வெறுமையாகிவிடும். எந்நோக்குடன் வந்தாலும், அந்நோக்கத்தையே ஆய்வுக்கு உட்படுத்த ஒருவன் உடன்படுகின்றானா என்பதே கேட்கப்படவேண்டியது. "இதைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?" என்று அயலார் கேட்கும்போது தொழிலின் பெயரை அவன் கூறலாம். அவ்வினாவைத் தனக்குத் தானே கேட்கும்போது, தன் வீட்டு முற்றத்திலிருந்தே விடையைத் தொடங்கவேண்டியவனாக இருக்கின்றான்.