தன் டேப் தனக்குச் சரி

இயந்திரத்தைச் சரிசெய்த மறுநாள்தான் பாட்டு கெட்டுப்போனது.

சென்னையில் ஒரு மாடி அறை. மேசைமேல் ஒரு ரெவாக்ஸ் ஏ77. சுவிட்சர்லாந்தில் வில்லி ஸ்டூடரின் நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த ஸ்பூல் டேப் ரெக்கார்டர் அது. ஜெர்மனியிலிருந்து திரும்பிய மைத்துனரிடம் வாங்கி, நாற்பது வருஷத்துக்கு மேல் வைத்திருப்பவர் இப்போது பணி ஓய்வு பெற்றவர். ஒரு வாரம் உட்கார்ந்து அதற்கு வைத்தியம் பார்த்தார். எப்போது வேண்டுமானாலும் புகை கக்கக் காத்திருந்த பழைய ரீஃபா கெபாசிட்டர்களைக் கழற்றினார். தேய்ந்த பிரிசெட்டுகளை மாற்றினார். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டுகளைத் துடைத்து, அவற்றில் தங்கியிருந்த காந்தத்தையும் நீக்கினார். கடைசியில், அமெரிக்காவிலிருந்து வரவழைத்த டெஸ்ட் டேப்பைப் போட்டு எல்லாவற்றையும் அளவுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் ஆசையாக, தாமே 1980களில் பதிந்த ஒரு கச்சேரியை ஓடவிட்டார். கஞ்சிராவின் சிலுசிலுப்பைக் காணோம். பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலிருந்தது. முந்தின வாரம் வரை கணீரென்று ஒலித்த டேப்!

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு ராத்திரி பிடித்தது.

ஹெட்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பிளவு ஒன்று உண்டு. டேப் ஓடும் திசைக்கு அது துல்லியமாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். விநாடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஓடும் டேப்பில், 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்குக் கிடைக்கும் இடம் 19 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் சின்னப் பங்கு. பிளவு இம்மி சாய்ந்தாலும், அதன் மேல்முனை அலையின் ஒரு பகுதியைப் படிக்கும், கீழ்முனை இன்னொரு பகுதியைப் படிக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். தாழ்ந்த ஸ்வரங்களின் அலை நீளமானது, அதற்கு இதெல்லாம் உறைப்பதில்லை. மேலே இருக்கும் ஒலிகள் மட்டும் செத்துப்போகும்.

வேடிக்கை என்னவென்றால், சாய்ந்த ஹெட் பதிந்த டேப்பை அதே சாய்வுள்ள ஹெட் படித்தால் ஒரு குறையும் தெரியாது. பொய் சொன்னவனும் அதற்குச் சாட்சி சொன்னவனும் ஒரே ஆள். ஏ77-இல் பதிவுக்கு ஒரு ஹெட், கேட்பதற்கு ஒரு ஹெட். என்றோ ஒரு மெக்கானிக், டெஸ்ட் டேப் கைவசம் இல்லாமல், ஒன்றைப் பார்த்து மற்றொன்றைத் திருப்பி வைத்திருக்கிறார். இரண்டும் ஒற்றுமையாகத் தப்பாக நின்றன.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. டேப் இரவல் வாங்கிப்போன நண்பர்கள் அந்தக் காலத்திலேயே, “என்ன சார், உங்க ரெக்கார்டிங் கொஞ்சம் மந்தமா இருக்கே” என்றார்கள். அவர்களுடைய மெஷினைப் பார்த்து இவர் பரிதாபப்பட்டார். அவர்கள் தந்த டேப்புகள் இவர் வீட்டில் மந்தமாக ஒலித்தபோதும் பரிதாபம் அவர்கள் பக்கமே போயிற்று. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சாக இருப்பதில் வியப்பில்லை. அடுத்த கூட்டுக் குஞ்சின் நிறத்தைச் சொல்லவும் காக்கையையே நடுவராக வைத்ததுதான் வம்பு.

டெஸ்ட் டேப் என்பது இந்த வம்பிலிருந்து வெளியே வர மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. அம்பெக்ஸில் வேலை பார்த்த ஜே மெக்நைட் 1970களில் தொடங்கிய மேக்னெடிக் ரெஃபரன்ஸ் லேபரட்டரியின் டேப்புகள் இதில் பேர்போனவை. கேட்க ஒன்றும் இருக்காது. வெவ்வேறு அதிர்வெண்ணில் ஒரே சீரான ‘கீ...’ சத்தம். ஆனால் அது எந்த வீட்டிலும் பதியப்பட்டதல்ல, அதுதான் அதன் மதிப்பு. காந்தமேறிய ஹெட்டில் ஓடவிட்டால் இந்த டேப்பின் உச்ச ஒலிகளே தேயத் தொடங்கும். அளவுகோலுக்கும் ஆயுசு உண்டு.

காது எவ்வளவு தூரம் நம்மை ஏமாற்றும் என்பதற்கு பயஸ் சரிசெய்யும் வேலை இன்னொரு சாட்சி. பதியும் ஒலியோடு காதுக்கு எட்டாத ஓர் உயர் அதிர்வெண்ணையும் கலந்து அனுப்புவதற்குத்தான் பயஸ் என்று பெயர். 1940-இல் ஜெர்மன் வானொலியில் வால்டர் வெபர் கைக்கு இது வந்ததே ஓர் ஆம்ப்ளிஃபையர் தானாக ஊளையிட்ட தற்செயலால்தான். பயஸைக் கூட்டிக்கொண்டே போனால் 10,000 ஹெர்ட்ஸ் ஒலி உயர்ந்து ஓர் உச்சிக்கு வரும். அங்கே ஒலி பளபளவென்றிருக்கும். இங்கேயே நிறுத்து என்று காது கெஞ்சும். நிறுத்தக்கூடாது. உச்சியைத் தாண்டி, மீட்டர் முள் சில டெசிபல் இறங்கும்வரை கூட்ட வேண்டும். பளபளப்பு கொஞ்சம் போனாலும் பாடகரின் குரல் கரகரக்காது.

இந்த இடத்தில் அவர், ஆக அளவுகோலே எல்லாம் என்று முடித்துக்கொண்டிருப்பார். அப்பாவின் டேப் குறுக்கே வந்தது.

1960களில் அப்பாவிடம் ஒரு க்ருண்டிக் மோனோ மெஷின் இருந்தது. ரேடியோவுக்கு முன்னால் மைக்கை வைத்து, வீட்டில் எல்லாரையும் வாய்மூட வைத்துக் கச்சேரி பதிவார். வேகம் 9.5 செ.மீ.; அலைக்குக் கிடைக்கும் இடம் இன்னும் பாதி. துல்லியமாகச் சரிசெய்த ஏ77-இல் அந்த டேப் கஞ்சிபோலக் குழைந்து ஒலித்தது. அப்பாவின் ஹெட்டும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருந்திருக்கிறது. அதை நிமிர்த்த இப்போது ஆளும் இல்லை, மெஷினும் இல்லை. டேப் பிடிவாதமாக இருந்தால் ஹெட்தான் வளைந்து கொடுக்க வேண்டும். ஒலி, ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கமான ஐயாசாவின் வழிகாட்டி நூலும் அதைத்தான் சொல்கிறது: ஒவ்வொரு டேப்பையும் எண்மமாக்கும் முன் அதன் சாய்வுக்கு ஏற்ப ஹெட்டைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

சரியான இடத்தை, ஹெட்டின் சாய்வைத் திருத்தும் ஸ்க்ரூவின் தலையில் மார்க்கரால் கோடு போட்டு வைத்துக்கொண்டு, மெல்லத் திருகினார். பாட்டில் பெரிய மாற்றமில்லை. அந்தக் கால ரேடியோவில் உச்ச ஒலிகளே அவ்வளவாக வராது. ஆனால் மைக் கேட்டது ரேடியோவை மட்டுமல்லவே. அரைக்கால் சுற்று வந்ததும் அறை திறந்துகொண்டது. தரையில் டம்ளர் உரசும் சத்தம். “மெதுவா வை” என்று அப்பா அடிக்குரலில் அதட்டுவது. அதற்குப் பதிலாக, பேச்சில்லாமல், கண்ணாடி வளையல்களின் கிணுங்கல் ஒன்று மைக்கைத் தாண்டிச் சமையலறைப் பக்கம் போயிற்று.

அட்டைப்பெட்டியில் பென்சிலால் எழுதினார்: ‘இடப்பக்கம், அரைக்கால் சுற்று.’ பிறகு தம் 1980களின் பெட்டிகளை எடுத்து அவற்றிலும் ‘வலப்பக்கம், மாகாணி’ என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனார். ஸ்க்ரூவைக் கோட்டுக்குக் கொண்டுவந்து, டெஸ்ட் டேப்பைப் போட்டு முள்ளைச் சரிபார்த்து முடிக்கையில் கோயம்புத்தூரிலிருந்து தங்கை கூப்பிட்டாள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் கேட்டிருக்கிறாள்.

“அண்ணா, அது அம்மா வளையலா? அந்த டேப்ல இன்னும் எங்கேயாவது வருதா பாரேன்.”

“இரும்மா, வைச்சிடாதே” என்று ஃபோனை மேசைமேல் சாய்த்துவிட்டு, திருப்புளியைத் தேடினார்.