யாருக்குப் போடும் உரம்?

“சாணி உரம்தானே, மண்ணுக்கு நல்லதுதானே” என்கிறோம். நான் கேட்பது, அந்த ‘நல்லது’ யாருக்கு?

இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட்டில் 1856 முதல் இன்றுவரை ஒரு புல்வெளிப் பரிசோதனை நடக்கிறது. அங்கே உரமே காணாத பாத்திகளில் புல் விளைச்சல் குறைவு. ஆனால் சுமார் 40 வகைச் செடிகள் சேர்ந்து வாழ்கின்றன. ரசாயனத் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்த சில பாத்திகளில் வகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். உரம் தின்று உயர்ந்த புற்கள், குட்டிச் செடிகளின் வெளிச்சத்தைப் பறித்துவிடுகின்றன.

தொழுவுரம் நிதானமாகக் கொடுக்கும். மண்புழுவுக்குச் சோறு, மண்ணில் ஈரமும் நிற்கும். தேய்ந்துபோன உழவு நிலத்துக்கு அது மருந்து. ஆனால் அதிலும் தழைச்சத்து இருக்கிறது. பூக்கள் நிறைந்த, சத்துக் குறைந்த புல்வெளியில் அளவு மீறினால் அதுவும் வலியவன் பக்கம்தான் சாயும்.

மாடு வைத்திருப்பவரிடம் போய், “புல் வேண்டாம், பூவைப் பாருங்க” என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் தேவை நிஜம். “மாட்டுக்காகப் போடறேன்” என்று அவர் சொன்னால் அது நேர்மை. “மண்ணுக்காக” என்று சொல்லும்போதுதான், இழப்பவர்கள் கணக்கிலிருந்து காணாமல் போகிறார்கள்.

ராத்தம்ஸ்டெட்டின் உரமில்லாப் பாத்திகளையும் யாரும் சும்மா விட்டுவிடவில்லை. ஆண்டுக்கு இருமுறை அறுக்கிறார்கள். எதையும் கொடுக்காமலே பேணுவது என்றும் ஒன்று உண்டு.