பட்டா இருந்தாத்தான் பசியா?

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, பி.எம். கிசான் திட்டத்தின் 2,000 ரூபாய் தவணை ஏப்ரலிலேயே 8.7 கோடி விவசாயிகளின் கணக்கில் போடப்படும் என்று அரசு அறிவித்தது. புதுப்பணம் அல்ல. 2019இல் தொடங்கிய, வருஷத்துக்கு 6,000 ரூபாய் தரும் திட்டத்தின் ஒரு தவணைதான். ஆனாலும் கஷ்டகாலத்தில் கைக்கு வந்த காசு. அதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. யாருக்கு வந்தது என்பதே கேள்வி.

பட்டாவில் பேர் உள்ளவருக்கு வந்தது. குத்தகைக்கு உழுகிறவருக்கு இல்லை. நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுக்கிற சேரிப் பெண்ணுக்கு இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம். விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம். சேற்றில் இறங்குகிற பெருங்கூட்டம் 'விவசாயி' இல்லையாம்.

'வெளஞ்சது விக்கல, நஷ்டம் நிலத்துக்காரனுக்குத்தானே' என்பார்கள். இந்தப் பணம் நஷ்டக்கணக்கு பார்த்து வரவில்லை. எவ்வளவு விளைந்தது, எவ்வளவு அழுகியது என்று யாரும் கேட்கவில்லை. அரை ஏக்கருக்கும் 2,000, இருபது ஏக்கருக்கும் 2,000. நஷ்டஈடு இல்லையென்றால் இது இல்லாதவருக்கான உதவியா? அப்படியென்றால் துண்டு நிலமும் இல்லாதவர்தானே முதலில் நிற்கவேண்டும்?

'அவங்களுக்குத்தான் இலவச அரிசி, பொம்பளைங்க ஜன்தன் கணக்குல மூணு மாசம் 500 ரூபா போட்டாங்களே' என்ற பதிலும் வரும். போட்டார்கள். அது ஏழை என்பதற்காக. நிலத்துக்காரர் வாங்கியது விவசாயி என்பதற்காக. ஒருவரை உழைப்பின் பேரால் மதித்து, இன்னொருவரின் உழைப்பை மறைத்துவிட்டு வயிற்றுக்கு மட்டும் அளந்து போடுவது எப்படிச் சமமாகும்? பண்ணையில் கூழ் ஊற்றிய காலத்து அறம்தான் இதுவும்.

'கூலிக்காரனுக்குப் பட்டியல் ஏது?' என்பது சாக்கு. நூறுநாள் வேலை அட்டையில் அன்றைக்குப் பேரும் வங்கிக் கணக்கும் இருந்தன. ஒடிசா அரசு 2018 கடைசியில் அறிவித்த காலியா திட்டம் நிலமற்ற விவசாயக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. செய்ய முடியாத காரியமில்லை.

அதே 2020இல் தமிழ்நாட்டில் கிசான் மோசடி வெளியானது. தகுதியில்லாத 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பேரில் 110 கோடி ரூபாய் அளவுக்குப் பணம் போயிருந்தது. புரோக்கர்கள் செய்தது திருட்டுதான். ஆனால் விதியைப் பாருங்கள்: ஆயுசெல்லாம் நாற்று நட்ட ஒரு கிழவி அந்தப் பணத்தை வாங்கியிருந்தால் அவளும் 'போலி விவசாயி'. 1892 அரசாணைப்படி நம் முன்னோருக்குத் தரப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிடுங்கித் தன் பேரில் பட்டா மாற்றிக்கொண்டவரோ 'அசல் விவசாயி'. களவுபோன நிலத்துக்கும் நிவாரணம், பறிகொடுத்தவருக்கு ரேஷன் அரிசி.

நிலம் அரசுடைமையாகி, சாதி பார்க்காமல் கிராமத்தாருக்குப் பயிரிடத் தரப்பட வேண்டும்; நிலப்பிரபுவும் குத்தகைக்காரனும் நிலமற்ற கூலியும் இருக்கக்கூடாது என்று 1947இலேயே அம்பேத்கர் எழுதிவைத்தார். அது வரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளமோ நோயோ வருமுன், கூலிகளும் குத்தகைதாரர்களும் விவசாயிகள் என்றே பட்டியலில் ஏறவேண்டும். கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கேட்போம். பிச்சையாக அல்ல, நட்ட கைக்கான பாக்கியாக.